மண்குடமும் பொன்குடமும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் மாநில ஆளுநர்கள் வெள்ளை மாளிகையிலே கூடியிருந்தனர். ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், மேய்ன் மாநில ஆளுநர் ஜனெட் மில்ஸ் அம்மையாரை விளித்தார். பெண்களுக்கான விளையாட்டுப் போட்டிகளில் திருநங்கையர் பங்குபற்றலாகாது என்னும் தமது ஆணைக்கு மேய்ன் பணியவேண்டும், பணியாவிடின் மத்திய அரசாங்கத்தின் நிதி அம்மாநிலத்துக்குக் கிடையாது என்று எச்சரித்தார். நீதிமன்றத்தில் சந்திப்போம் என்று அம்மையார் விடையிறுத்தார். ஏப்ரல் மாதம் மத்திய விவசாயத் திணைக்களம் மேய்னுக்குரிய நிதியில் ஒரு பகுதியை முடக்கிவைத்தது. அப்பணத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சிறுவர்களுக்கு உணவளிக்கும் திட்டங்களை நடத்துவதற்கு உதவிய பணம் அது. நீதிமன்றம் குறுக்கிட்டது. மே மாதம் 2ஆம் திகதி இணக்கம் ஏற்பட்டுப் பணம் விடுவிக்கப்பட்டது.

விளையாட்டுப் போட்டிகளில் யார் ஓடலாம், யார் ஓடலாகாது என்ற வழக்கில் தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. நம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. மாநிலங்களின் உரிமையே தமது உயிர்மூச்சு, வாஷிங்டன் மாநிலங்களின் கழுத்தில் வைத்த கையை எடுக்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக முழங்கிவந்த கட்சி ஜனாதிபதியின் கட்சி. அக்கட்சியின் ஆளுநர்கள் அன்று அதே மண்டபத்திலே அமர்ந்திருந்தனர். தம்மையொத்த ஓர் ஆளுநரைப் பார்த்து, பணிந்தாற்றான் பணம் என்று மத்திய அரசாங்கத்தின் தலைவர் கூறியபோது, மாநில உரிமை பறிபோகிறதே என்று அவர்களுள் ஒருவராவது எழுந்து நின்றதாக நாம் அறியோம்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம்மவர் பழமொழி. அமெரிக்க அரசியலில் மாமியாரும் மருமகளும் நான்காண்டுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்கின்றனர். குடம் மட்டும் மாறுவதில்லை.

அந்நாட்டின் அரசியலமைப்பு மத்திய அரசாங்கத்துக்கு எண்ணிக் கொடுத்த அதிகாரங்கள் சிலவே. அவ்வாறு கொடுக்கப்படாதவையும் மாநிலங்களுக்கு விலக்கப்படாதவையும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் நிறைவேறிய பத்தாவது திருத்தம் கூறுகிறது. பாடசாலை, பொலிஸ், பெருந்தெரு, மதுவிற்பனை, வைத்தியசாலை முதலியன பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. ஆனால் வரி திரட்டும் பெரிய கரண்டி வாஷிங்டனின் கையில் இருக்கிறது. 1913இல் வருமான வரிக்கு வழி திறந்தபின் அக்கரண்டி மேலும் பெருத்தது. எனவே, தான் கட்டளையிட முடியாத காரியத்தை வாஷிங்டன் காசு கொடுத்துச் செய்விக்கத் தொடங்கியது. "உன் அதிகாரத்தில் நான் தலையிடவில்லை, ஆனால் நான் சொல்வதைச் செய்தால் பணம் தருவேன், செய்யாவிட்டால் தரமாட்டேன்." சட்டத்தின் கண்ணுக்கு இது கட்டளையன்று, உடன்படிக்கை. வயிற்றின் கண்ணுக்கு எதுவென்று வாசகர்களே தீர்மானிக்கலாம். அப்பணமோ அந்தந்த மாநிலத்து மக்களின் சட்டைப்பையிலிருந்து வரியாகப் போன பணமே.

மாநில உரிமை என்ற சொல்லின் பூர்வீகத்தைச் சற்று ஆராய்ந்தால், இரட்டை நாக்கு இன்று நேற்று முளைத்ததன்று என்பது புலனாகும். தென்மாநிலங்கள் அடிமைமுறையைக் காப்பதற்கு மாநில உரிமையைக் கேடயமாகப் பிடித்தன என்பது யாவரும் அறிந்தது. வடமாநிலங்கள் அதே கேடயத்தை உயர்த்தியபோது தென்னவர் என்ன செய்தனர் என்பதைப் பலர் அறியார். 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து மீட்பதற்கென மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் தென்னவரே. மத்திய அரசாங்கத்தின் ஆணையாளர், தம்முன் நிறுத்தப்பட்ட மனிதனை அடிமையென்று திருப்பி அனுப்பினால் 10 டொலர் கூலி. சுதந்திரன் என்று விடுவித்தால் 5 டொலர். நீதிக்கு விலை குறித்த சட்டங்கள் உலகில் உண்டு. விலைப்பட்டியலை இவ்வளவு பகிரங்கமாக எழுதிவைத்த சட்டம் வேறொன்று உண்டோ? தெருவில் நிற்கும் பொதுமகனும் அழைத்தால் பிடித்துக்கொடுக்க உதவவேண்டும் என்று அச்சட்டம் பணித்தது.

1854இல் பொஸ்டன் நகரில் அந்தனி பேர்ன்ஸ் என்ற தப்பிவந்த அடிமை பிடிபட்டான். நகரமக்கள் வெகுண்டெழுந்தனர். ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் மத்திய படைகளை உபயோகித்து, ஆயுதம் தாங்கிய அணிவகுப்பின் நடுவே அவனைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்று கப்பலேற்றினார். அதே ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜோஷுவா குளோவர் என்ற அடிமையை மக்கள் சிறையை உடைத்து விடுவித்தனர். மக்களைத் தூண்டினார் என்று ஷேர்மன் பூத் என்னும் பத்திரிகாசிரியர் கைது செய்யப்பட்டார். (பத்திரிகாசிரியர்கள் செய்யத்தக்க குற்றங்களுள் இதனினும் மேலானதை நாம் கேள்விப்பட்டதில்லை.) அடிமை மீட்புச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்த்தது. மாநில உரிமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆனால் 1859இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் ரோஜர் டோனியின் தலைமையில், மத்திய சட்டத்தை மாநில நீதிமன்றம் தடுக்கமுடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தெற்கு மகிழ்ந்தது.

1860 டிசம்பரில் தென் கரோலினா சமஷ்டியைவிட்டுப் பிரிந்தது. பிரிந்ததற்குக் காரணம் கூறி அது வெளியிட்ட பிரகடனத்தில் காணப்படும் முதன்மையான முறைப்பாடு யாது? வடமாநிலங்கள் தத்தம் சட்டங்களால் அடிமை மீட்புச் சட்டத்தைச் செயலற்றதாக்கிவிட்டன என்பதே. அதாவது, வடமாநிலங்கள் தம் மாநில உரிமையை உபயோகித்துவிட்டன என்பது குற்றச்சாட்டு! பின்னர் 1861இல் தென்மாநிலங்கள் தமக்கென அரசியலமைப்பு எழுதியபோது, அடிமைகளோடு எந்த மாநிலத்துக்குள்ளும் சென்று தங்கும் உரிமையை அதில் பதித்தன. அடிமைமுறை வேண்டாம் என்று ஒரு மாநிலம் அடிமையுடையோரைத் தன் எல்லையில் மறிக்கும் உரிமைக்கு அதில் இடமிருக்கவில்லை. மாநில உரிமைக்காகவே போர் செய்தோம் என்று பிற்காலத்தில் கதை எழுதியோர் இப்பக்கத்தைப் புரட்டாமலே விட்டனர்.

இனிப் பணத்துக்கு வருவோம். 1946இல் நாடெங்கும் வைத்தியசாலைகள் கட்டுவதற்கு மத்திய நிதி வழங்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் கர்த்தாக்களுள் ஒருவர் அலபாமா மாநிலத்தின் செனட்டர் லிஸ்டர் ஹில். வெள்ளையருக்குத் தனியாகவும் கறுப்பின மக்களுக்குத் தனியாகவும் வைத்தியசாலை நடத்தினாலும் மத்திய பணம் பெறலாம் என்ற வாசகம் அச்சட்டத்தில் இருந்தது. 1963இல் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று கூறும்வரை அது நின்றது. பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் உயர் நீதிமன்றம் தீர்த்தபோது, அதனை எதிர்த்து 1956இல் தென்மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் 101 பேர் மாநில உரிமையின் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதிலே ஹில் அவர்களின் கையொப்பமும் உண்டு. வாஷிங்டனின் பணம் வாசலால் வரலாம். வாஷிங்டனின் நீதி மட்டும் வரலாகாது. 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவரைப் பாடசாலைக்குள் விடாது ஆளுநர் ஓர்வல் போபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தியதும், ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தின் 101ஆவது பரசூட் படைப்பிரிவை அனுப்பி அப்பிள்ளைகளை உள்ளே கொண்டுசென்றதும் இந்த இடைவெளியில் நடந்தவையே.

ஆனால் படை சென்றது ஒரு பாடசாலைக்கு. ஆயிரக்கணக்கான பாடசாலைகளுக்குப் படை அனுப்ப முடியுமா? உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்து ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்த பின்னும், பழைய கூட்டிணைப்பைச் சேர்ந்த பதினொரு தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பாடசாலையில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1964இல் குடியியல் உரிமைச் சட்டம் வந்தது. அதன் ஆறாம் பகுதி, இனப்பாகுபாடு காட்டும் எந்தத் திட்டத்துக்கும் மத்திய பணம் இல்லை என்றது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட கல்விச் சட்டம் பாடசாலைகளுக்குப் பெருந்தொகை பணத்தைத் திறந்துவிட்டது. அதுவரை நிபந்தனை வெறும் எழுத்தாக இருந்தது. பணம் பெருகியதும் அதற்குப் பல் முளைத்தது. நீதிமன்றங்களும் கண்டிப்பை அதிகரித்தன. 1968ஆம் 1969ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு அமர்ந்து படித்தனர். பத்தாண்டாக நியாயவாதம் சாதிக்காததை நாலைந்து ஆண்டில் நிபந்தனை விதித்த பணமும் சேர்ந்து சாதித்தது. ஆகவே நிபந்தனையோடு கூடிய நிதி என்றாலே அக்கிரமம் என்று கூறுவோரோடு நாம் உடன்படமாட்டோம்.

1980 ஆகஸ்ட் மாதம், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ரொனால்ட் ரேகன், மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா சந்தையில் நின்று, தாம் மாநில உரிமையில் நம்பிக்கையுடையவர் என்றார். குடியியல் உரிமைக்காக உழைத்த இளைஞர் மூவர் 1964இல் கொலையுண்ட பகுதி அது. அச்சொல்லின் பொருள் அவ்விடத்தில் யாருக்கு எவ்வாறு விளங்கியிருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. 1981இல் பதவியேற்றபோது, மாநிலங்களே மத்திய அரசாங்கத்தைப் படைத்தன, மத்திய அரசாங்கம் மாநிலங்களைப் படைக்கவில்லை என்று நினைவூட்டினார். நல்லது. 1984 ஜூலை மாதம் அதே ரேகன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 21 வயதுக்குக் குறைந்தோர் மது வாங்க இடமளிக்கும் மாநிலங்களின் பெருந்தெரு நிதியில் முதலில் நூற்றுக்கு 5, பின்னர் நூற்றுக்கு 10 வெட்டப்படும் என்பது அச்சட்டம். மதுவெறியில் வாகனம் ஓட்டி இளைஞர் மாண்டனர், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இயக்கம் கண்டனர், நோக்கம் நன்று. ஆனால் மதுவிற்பனை மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது என்பதை அரசியலமைப்பின் இருபத்தோராவது திருத்தமே ஏற்றிருந்தது.

1988இல் வேறொரு மசோதா அவர் மேசைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவு மத்திய பணம் பெற்றாலும், பாகுபாடு காட்டக்கூடாதென்ற நிபந்தனை அந்நிறுவனம் முழுவதையும் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். மத்திய அரசாங்கத்தின் அதிகாரம் அளவிறந்து விரிகிறது என்று கூறி அதனை அவர் நிராகரித்தார். காங்கிரஸ் அந்நிராகரிப்பைத் தள்ளி மசோதாவைச் சட்டமாக்கியது. பியர்ப் போத்தலுக்குப் பணத்தை நிறுத்தலாம். பாகுபாட்டுக்கு நிறுத்தினால் அதிகார மமதை! நான்காண்டு இடைவெளியில் ஒரே பேனாவினால் எழுதப்பட்டவை இவை இரண்டும்.

19 வயதினருக்கு இலேசான பியர் விற்க இடமளித்த தென் டகோட்டா மாநிலம் மது வயதுச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. 1987இல் உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் மத்திய அரசாங்கத்துக்குச் சார்பாகத் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் மாநிலங்களின் நண்பர் என்று பெயர்பெற்ற பிரதம நீதியரசர் வில்லியம் ரென்குவிஸ்ட். மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதியரசர் சாண்ட்ரா டே ஓகொன்னர். ரேகனால் நியமிக்கப்பெற்றவர், முன்னர் அரிசோனா மாநிலச் சட்டசபையில் இருந்தவர். வீதி அமைப்பதற்குத் தரும் பணத்துக்கும் மது வாங்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு போதாது என்பது அவர் வாதம்.

இந்த அம்மையாரை நாம் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். 2005இல் கலிபோர்னியாவின் நோயாளர் இருவர் தொடர்பான வழக்கு வந்தது. வைத்திய ஆலோசனைப்படி கஞ்சாவை உபயோகிக்க மாநிலச் சட்டம் இடமளித்தது. மத்திய சட்டம் தடுத்தது. 6 பேர் மத்திய அரசாங்கத்தின் பக்கம். அவர்களுள் தாராளவாத நீதியரசர் அனைவரும் அடங்குவர். தனி உரை எழுதி அதே முடிவுக்கு இணங்கியவர் நீதியரசர் அன்டனின் ஸ்காலியா. இவர் யார்? துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைப் பரிசோதிக்கும்படி உள்ளூர் ஷெரிப்மாரை மத்திய அரசாங்கம் ஏவமுடியாது என்று 1997இல் மாநில உரிமைக்குக் கோட்டை கட்டியவர். துப்பாக்கி என்றால் மாநில உரிமை. கஞ்சா என்றால் மத்திய அதிகாரம். இரு வழக்குகளுக்கும் சட்ட வேறுபாடு உண்டென்று வழக்கறிஞர் கூறுவர், இருக்கலாம். ஆனால் ஓகொன்னர் அம்மையார் எழுதியதைப் பாருங்கள்: தாம் கலிபோர்னியாவின் பிரசையாயிருந்தால் அத்திட்டத்துக்கு வாக்களித்திருக்கமாட்டார், சட்டசபையில் இருந்திருந்தாலும் ஆதரித்திருக்கமாட்டார், ஆயினும் அதைத் தீர்மானிக்கும் உரிமை கலிபோர்னியாவுக்கு உண்டு. தமக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்யும் உரிமையை மாநிலத்துக்கு ஒப்புக்கொள்வது, அதுவன்றோ மாநில உரிமையில் நம்பிக்கை? தமக்குப் பிடித்ததைச் செய்யும் உரிமையை யார்தான் ஒப்புக்கொள்ளார்?

2012இல் மீண்டும் ஒரு பெருவழக்கு. ஜனாதிபதி ஒபாமாவின் சுகாதாரச் சட்டம், மெடிக்கெயிட் என்னும் ஏழைகள் மருத்துவ உதவித் திட்டத்தை விரிக்குமாறு மாநிலங்களைக் கேட்டது. விரிக்க மறுத்தால், புதிய பணம் மட்டுமன்றி ஏற்கெனவே கிடைத்துவந்த பணமும் போய்விடும் என்றது. 26 மாநிலங்கள் வழக்காடின. 7 நீதியரசர்கள், ஒபாமா நியமித்த ஒருவர் உட்பட, இது வற்புறுத்தல் என்று கண்டனர். தென் டகோட்டா இழக்கவிருந்தது அதன் வரவு செலவில் நூற்றுக்கு அரைப் பங்கிலும் குறைவு. இங்கோ நூற்றுக்கு பத்துக்கும் மேல். தலைக்கு நேரே நீட்டிய துப்பாக்கி என்று பிரதம நீதியரசர் ஜோன் ரொபேட்ஸ் இதனை வருணித்தார். அத்தீர்ப்பு சரியென்றே நாம் கருதுகிறோம், அதனால் ஏழைகள் பலர் மருத்துவ வசதி இழந்தனர் என்பதை அறிந்திருந்தும்.

வழக்காடிய மாநிலங்களுள் ஒன்று டெக்சாஸ். அப்போது அதன் சட்டமா அதிபர் கிரெக் அபொட். ஒபாமாவின் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுப்பதையே அன்றாடத் தொழிலாகக் கொண்டதில் பெருமை பாராட்டியவர். பின்னர் அவர் ஆளுநரானார். 2017 பெப்ரவரியில், தம் மாநிலத்துக்குட்பட்ட ட்ரவிஸ் மாவட்டத்தின் ஷெரிப், குடிவரவுக் கைதிகளை வைத்திருக்கும் விடயத்தில் மத்திய அதிகாரிகளோடு ஒத்துழைப்பதைக் குறைத்தபோது, அம்மாவட்டத்துக்குரிய ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் மானியத்தை நிறுத்தினார். அதே ஆண்டு மே மாதம், அவ்வாறு ஒத்துழையாத உள்ளூர் அதிகாரிகளுக்குத் தண்டமும் பதவி நீக்கமும் விதிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். வாஷிங்டன் தமக்குச் செய்தால் கொடுங்கோன்மை; தாம் ட்ரவிஸ் மாவட்டத்துக்குச் செய்தால் நல்லாட்சி.

அந்த 26இல் மேய்னும் ஒன்று என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். அப்போதைய ஆளுநர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த போல் லபாஜ். வாஷிங்டன் மேய்ன் மக்கள்மீது எதையும் திணிக்கலாகாது என்பது அவர் பக்கத்தின் வாதம். 2017 நவம்பரில் மேய்ன் மக்களே பொதுசன வாக்கெடுப்பில் மெடிக்கெயிட்டை விரிக்கும்படி தீர்ப்பளித்தனர். லபாஜ் அதை நிறைவேற்ற மறுத்து நாட்கடத்தினார். வாஷிங்டனுக்கு எதிராக மாநில மக்களின் பெயரால் பேசியவருக்கு, அம்மக்களின் வாக்கு வந்தபோது மாநிலம் என்பது தாமே என்றாகிவிட்டது. 2019 ஜனவரியில் பதவியேற்றதும் அதை நிறைவேற்ற ஆணையிட்டவர் ஜனெட் மில்ஸ் அம்மையார்.

ஜனநாயகக் கட்சியினர் இதுவரை படித்து மகிழ்ந்திருப்பின், இனி அவர்கள் முறை. 1997இன் துப்பாக்கித் தீர்ப்பைத் தாராளவாதிகள் பலர் அன்று தூற்றினர். 2012இன் தீர்ப்பும் அவர்களுக்கு உவப்பாயிருக்கவில்லை. 2017 ஜனவரியில் ட்ரம்ப், குடிவரவு அதிகாரிகளுக்கு உதவாத நகரங்களின் நிதியை நிறுத்துமாறு ஆணையிட்டார். உடனே சான் பிரான்சிஸ்கோவும் சான்டா கிளாராவும் நீதிமன்றத்துக்கு ஓடின. அங்கே அவை ஏந்திச்சென்ற ஆயுதங்கள் எவை? அதே ஸ்காலியாவின் தீர்ப்பும், அதே 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பும். பத்தாவது திருத்தம் அன்றுதான் அவர்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றியது போலும்.

2016 மே மாதம் ஒபாமாவின் அரசாங்கம், பால்வழிப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விளக்கம் கூறி, திருநர் மாணவருக்கு அவர்கள் கொள்ளும் பாலுக்குரிய வசதிகளை வழங்குமாறு பாடசாலைகளுக்குக் கடிதம் அனுப்பியது. நிதி போகலாம் என்ற அச்சம் அக்கடிதத்தின் பின்னே நின்றது. டெக்சாஸ் முதலிய மாநிலங்கள், மத்திய அரசாங்கம் மிரட்டுகிறது என்று வழக்காடின. 2025இல் அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையிலெடுத்து நேர் எதிரான விளக்கத்தோடு மேய்னை மிரட்டியவர் ட்ரம்ப். அன்று காங்கிரஸ் ஓர் எழுத்தும் மாற்றவில்லை, இன்றும் மாற்றவில்லை. வெறும் விளக்கத்தினால் மாநிலங்களை ஆட்டிவைக்கலாம் என்ற வழியைக் காட்டியவர்கள், அவ்வழியே மாற்றான் வந்தபோது திடுக்கிட்டனர்.

இரு சாராரும் ஒரே தராசில் ஒரே எடை என்று நாம் கூறவில்லை. தப்பியோடிய மனிதனைச் சங்கிலியிட்டு மீட்பதற்கு மத்திய அதிகாரத்தைக் கேட்டவனும், நோயாளிக்கு மருந்து கேட்டவனும் சமமாவரோ? செய்த காரியத்தின் நன்மை தீமை வேறு. அதற்கு எடுத்தாண்ட நியாயத்தின் நேர்மை வேறு. முன்னதை வைத்துப் பின்னதை மறைப்பதே இவ்வரசியலின் சூது.

அப்படியாயின் எந்த நிபந்தனை தகும்? விடை 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்நிபந்தனையை விதித்தது ஒரு ஜனாதிபதியின் விருப்பமன்று. மக்கள் பிரதிநிதிகள் நெடுநாள் விவாதித்து எழுதிய சட்டம். பணத்தை வெட்டுவதற்கு முன் அறிவித்தல் கொடுக்கவேண்டும்; விசாரணை நடத்தவேண்டும்; குற்றத்தை எழுத்தில் பதியவேண்டும்; காங்கிரசின் குழுக்களுக்கு அறிக்கை சமர்ப்பித்து 30 நாள் பொறுக்கவேண்டும்; வெட்டுவதும் குற்றம் நிகழ்ந்த அந்தத் திட்டத்தின் பணத்தை மட்டுமே. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இம்முறையையே தழுவியது. பாகுபாடு காட்டிய பாடசாலையைத் திருத்துவதற்கு வகுத்த வழி இது. மேய்னில் நடந்ததோ, விளையாட்டில் பிணக்கு, உணவுப் பணத்தில் தண்டனை. மேய்னின் நிதியை விடுவிக்குமாறு ஏப்ரல் மாதம் 11ஆம் திகதி இடைக்கால உத்தரவிட்ட நீதிபதி ஜோன் வுட்கொக், இச்சட்ட முறைகள் பின்பற்றப்படவில்லை என்பதையே சுட்டிக்காட்டினார். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதியான ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்.

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே நாடு பிளந்துவிடும் என்று அலறுவோரும், அச்சொல் ஏட்டில் ஏறிவிட்டால் எல்லாப் பிணியும் தீரும் என்று நம்புவோரும் வாழும் நம் நாட்டில் இவ்வரலாறு ஊன்றிப் படிக்கத்தக்கது. இருநூறு ஆண்டுக்கு மேலாகச் சமஷ்டி நடத்தும் நாட்டிலேயே திறைசேரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது, அதை எந்த விதிப்படி திறக்கவேண்டும் என்பவை தீராத வழக்குகளாயிருக்கின்றன.

அங்கே இவ்வழக்கு இப்போது முற்றிவருகிறது. 2025 ஏப்ரலில் மத்திய போக்குவரத்துத் திணைக்களம், குடிவரவு அமுலாக்கத்துக்கு உதவாத மாநிலங்கள் வீதிக்கும் பாலத்துக்குமான பணத்தை இழக்கலாம் என்று அறிவித்தது. 20 மாநிலங்கள் வழக்காடின. ஜூன் மாதம் றோட் ஐலண்ட் மத்திய நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. மது வாங்கும் வயதுக்கும் வீதிக்கும் தொடர்பு போதாது என்று ஓகொன்னர் அம்மையார் எழுதினாரே. குடிவரவுக்கும் பாலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி என்ன எழுதியிருப்பாரோ!

அடுத்த மாதம் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. செயற்கை நுண்ணறிவை ஒழுங்குசெய்யும் மாநிலச் சட்டங்களைப் பல்லாண்டு முடக்கிவைத்து, இணங்காத மாநிலங்களுக்கு இணைய வசதி நிதியை மறுக்கும் ஏற்பாடு ஒன்று பெரிய வரவு செலவு மசோதாவில் புகுத்தப்பட்டிருந்தது. ஜூலை மாதம் 1ஆம் திகதி செனட் சபை 99க்கு 1 என்ற கணக்கில் அதை வெட்டி எறிந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர்களும் அதை எதிர்த்திருந்தனர். கத்தி தம் கழுத்துக்கும் வரும் என்று கண்டபோது இரு கட்சிகளுக்கும் கண் திறந்தது.

ஆனால் டிசம்பரில் ஜனாதிபதி ஓர் ஆணையின் மூலம் அதே நிதியின் ஒரு பகுதியை அதே நோக்கத்துக்கு நிபந்தனையாக்கப் பணித்தார். செனட் சபை சட்டமாக்க மறுத்ததை ஒரு கையொப்பம் செய்யத் துணிந்தது. நிபந்தனை விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது, காங்கிரஸ் எழுதாத நிபந்தனையைக் காட்டி எந்த மாநிலத்தின் பணத்தையும் எந்த ஜனாதிபதியும் நிறுத்தலாகாது என்று ஒரு சட்டம் இயற்றுவதற்கு அந்த 99 பேருக்கும் தடையேது? தம் கட்சி ஜனாதிபதியின் கையையும் அது கட்டும், மாற்றுக் கட்சி ஜனாதிபதியின் கையையும் அது கட்டும். அம்மசோதாவை யார் கொண்டுவருகிறார், யார் ஆதரிக்கிறார், யார் அடுத்த தேர்தல் வரட்டும் என்று ஒதுங்குகிறார் என்பதை நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.